கறுப்புக் காரில் பாலிஷ் போட்டபின் தெரியும் சிலந்தி வலைக் கீறல்: எங்கிருந்து வருகிறது, எப்படித் தவிர்ப்பது?

கேள்வி: கறுப்புக் காருக்கு நானே பாலிஷ் போட்டேன். நிழலில் பளபளவென்று இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். கீறல் விழாமல் பாலிஷ் செய்ய வழி உண்டா? கோலாலம்பூரில் இருக்கிறேன்.

உண்டு. ஆனால் பாலிஷ் புட்டியை மாற்றிப் பார்ப்பதால் தீராது. நீங்கள் சொல்லும் கீறல்களில் பெரும்பகுதி பாலிஷுக்கு முன் கழுவும்போதும், முடித்துத் துடைக்கும்போதும் விழுபவை. கார் திறந்தவெளியில் நிற்கிறது, காலையில் இறகுத் துடைப்பத்தால் தூசி தட்டுகிறீர்கள், வாரக் கடைசியில் கடையில் கழுவக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றாலும் செய்முறை மாறாது.

முதலில், அந்தக் கீறல்கள் வட்டமே இல்லை. பெயிண்டுக்கு மேல் பூசிய நிறமில்லாப் படலமான கிளியர் கோட்டில் எல்லாத் திசையிலும் ஓடும் சின்னச் சின்னக் கோடுகள். வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் சூரியனைச் சுற்றி வலை பின்னியதுபோல் தெரிகிறது. வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடி சுமார் 70 மைக்ரான். வெயிலைத் தாங்குவது அந்தப் படலம்தான். ஆகவே தீபாவளிக்குத் தீபாவளி காம்பவுண்ட் (பெயிண்டை அராவும் கரடான பாலிஷ்) போட்டுத் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கழுவுவதற்கு இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர், அடியில் மணல் தங்கும் சல்லடைத் தட்டு. கை வைக்கும் முன் நுரை அடித்து 5 நிமிடம் விட்டு, அழுத்தத் தண்ணீரால் மண்ணை இறக்குங்கள். பிறகு மைக்ரோஃபைபர் கையுறையால் கூரையிலிருந்து கீழே, நேர்க்கோட்டில். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசித்தான் ஷாம்பு வாளிக்குப் போகவேண்டும். கதவின் கீழ்ப்பாதிக்கும் பம்பருக்கும் வேறு கையுறை. சக்கரம் துடைத்த துணி பெயிண்ட் பக்கமே வரக்கூடாது.

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் போல ரயில் பாதையை ஒட்டிய இடங்களிலும், பினாங்கின் பிறை போன்ற தொழிற்பேட்டைகளிலும் நிற்கும் கார்களில் இரும்புத் தூள் பெயிண்டில் குத்திக்கொண்டிருக்கும். கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு கழுவிய பானெட்டைத் தடவினால் மணல்தாள்போல் நெருடும். இரும்பு நீக்கியைத் தெளித்தால் ஊதா நிறமாக வடியும். காயவிடாமல் கழுவிவிட்டு, மீதிக்குக் காருக்கென்றே விற்கும் களிமண் கட்டி (கிளே பார்). கட்டி வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்கு ஷாம்பு தண்ணீர் தெளியுங்கள், அழுத்தாதீர்கள். கீழே விழுந்த கட்டி குப்பைக்கு. இந்தத் துகள்களை எடுக்காமல் பாலிஷ் போட்டால் அவையே பாலிஷ் இயந்திரத்தின் பேடில் ஏறிக் கோடு கிழிக்கும்.

இப்போது இயந்திரம். கறுப்புக்குக் கையால் பாலிஷ் போடுவதை நான் சொல்லமாட்டேன். விரல் அழுத்தம் சீராக விழாது, திட்டுத் திட்டாகும். புதிதாகத் தொடங்குபவர், பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் எடுங்கள், 8 முதல் 15 மில்லிமீட்டர் வீச்சு உள்ளது போதும். ரோட்டரியை வைத்தே கண்ணாடிபோல் முடிக்கும் கைகள் இந்த ஊரில் இருக்கின்றன, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே அச்சில் சுற்றுவதால் ரோட்டரியின் தடம் கறுப்பில் ஆடும் நிழல்போல் நிற்கும். ஹாலோகிராம் என்பது அதைத்தான்.

பானெட்டில் ஒரு 50 சென்டிமீட்டர் சதுரத்தைச் சுற்றி டேப் ஒட்டிச் சோதனை செய்யுங்கள். எடுத்ததும் வெட்டும் காம்பவுண்ட் வேண்டாம். மென்மையான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் (கடைசிப் பளபளப்புக்கான மென்மையான திரவம்) போட்டுப் பாருங்கள். கீறல் போகாவிட்டால் முதலில் பேடை ஒரு படி கடினமாக்குங்கள், பிறகுதான் திரவம். பேட் நிறத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு.

புதுப் பேடில் முதலில் திரவத்தை விரலால் முகம் முழுக்கத் தடவுங்கள். அடுத்தடுத்த சதுரங்களுக்குப் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு போதும். இயந்திரத்தை நிறுத்திவைத்தே பேடால் ஒற்றிப் பரப்பி, 1ஆம் வேகத்தில் தொடங்கி, 4 அல்லது 5க்கு ஏற்றுங்கள். கை நகர்வது நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைப் பாதி மூடவேண்டும்; குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, மொத்தம் நான்கிலிருந்து ஆறு. பேடின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். வேலை செய்யும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரியவேண்டும். நின்று நடுங்கினால் அழுத்தம் கூடிவிட்டது, அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. கடைசிச் சுற்று இயந்திரத்தின் எடையில் மட்டும். சில காம்பவுண்டில் துகள் உடைந்து உடைந்துதான் சிறிதாகும். அதைப் பாதியில் நிறுத்தினால் மங்கல் அப்படியே நின்றுவிடும். கதவின் மடிப்பு, பானெட் விளிம்பு, வளைவுக் கோடுகளில் பெயிண்ட் மெலிவாக இருக்கும், அங்கே டேப் ஒட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு பேடைப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யவேண்டும். இதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். வெட்டி எடுத்த பெயிண்ட் தூளும் காய்ந்த பாலிஷும் பேடில் கட்டியாகி, அதுவே புதுக் கீறல் போடும். ஒரு காருக்கு ஐந்தாறு பேடாவது கையில் இருக்கட்டும். நம் வெப்பத்தில் பேட் நனைந்து சூடாகிச் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

வெயிலில் நின்ற காரில் கை வைக்காதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் இன்னும் ஒரு மணி நேரம் நிழலில் நிற்கட்டும். காலை 7 மணிக்கு ஆரம்பிப்பதே நல்லது. மத்தியான மழைக்கு முந்திய புழுக்கத்தில் பாலிஷ் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். அதை அழுத்தித் துடைக்கும் கைதான் மறுபடி கீறுகிறது.

துடைப்பதற்கு ஓரத் தையல் இல்லாத மைக்ரோஃபைபர், 350 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேல், தைத்திருக்கும் லேபிளை வெட்டி எடுத்தது. நான்காக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு சதுரத்துக்கு ஒரு முகம். ஒட்டியிருந்தால் அழுத்தாமல் துணியில் ஒரு தெளிப்பு டீடெய்லர் (துணி வழுக்கிப் போகத் தெளிக்கும் திரவம்) அடித்து, சில நொடி அந்த இடத்தில் வைத்திருந்து, பிறகு இழுங்கள். தரையில் விழுந்த துணி அன்றைக்குத் திரும்ப வரக்கூடாது. துவைக்கும்போது பருத்தித் துணியோடு போடாதீர்கள், சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள், அதிகச் சூட்டில் உலர்த்தாதீர்கள்.

இனி உண்மையான பரிசோதனை. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை 10இலிருந்து 15 சதவீதமாக நீரில் கலந்து துடைத்துவிட்டு, எல்இடி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உங்கள் வேலை. சில கடைகளில் கீறலை எண்ணெயால் நிரப்பி வெளியே அனுப்புகிறார்கள், இரண்டு மூன்று கழுவலில் எல்லாம் திரும்பிவிடும். சிலர் அதன்மேலேயே செராமிக் கோட்டிங்கும் போட்டு ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறார்கள். கோட்டிங் கீறலை அழிக்காது, மூடிப் பூட்டிவிடும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னாலும் பரவாயில்லை. ஒரு கறுப்புக் காரை இரண்டு கட்டமாகச் சரியாகச் செய்ய ஒரு முழுநாள் முதுகு வளையவேண்டும். அந்த வேலையைச் செய்யும் நம் பையன்களை உறவுக்காரர்களே "காடி கழுவுறவன்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். மைக்ரான் கணக்கு பார்த்து வேலை செய்கிறவனுக்குக் கைத்தொழில்காரன் என்ற மரியாதையாவது கொடுங்கள்.

நகம் மாட்டும் ஆழமான கீறலைப் பாலிஷால் எடுக்கப் போகாதீர்கள். கூர்மையை மட்டும் மழுக்கி விட்டுவிடுங்கள். ஜப்பான் கார்களின் கறுப்பு பெரும்பாலும் மென்மையாக இருக்கும், துணி பட்டாலே மங்கும். ஜெர்மன் கார்களின் பெயிண்ட் பெரும்பாலும் கெட்டி, கூடுதல் சுற்று கேட்கும். உங்கள் கார் எது என்று சொல்லவில்லை. சோதனைச் சதுரத்தை ஆல்கஹாலால் துடைத்தபின் டார்ச் அடித்து ஒரு படம் போடுங்கள், பேட் மாற்றவேண்டுமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.