காதில் கேட்பது ஓங்காரமா?

அன்புள்ள மேடம்,

எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 16 வருடமாக ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். தினமும் ஒன்றரை ஷிப்ட். மெஷின் சத்தம், அதற்கு மேல் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. வீட்டுக்கு வந்தால் டிவி, பிள்ளைகளின் செல்போன். போன தை மாதம் அம்மா இறந்துவிட்டார். அதன் பிறகு, எல்லோரும் தூங்கியதும் சமையல்கட்டில் சாமி விளக்கின் முன் பத்து நிமிடம் பேசாமல் உட்காருகிறேன். நிம்மதி வரும் என்று பார்த்தால் அழுகைதான் வருகிறது. காதில் ‘ஙொய்’ என்று விடாமல் ஒரு சத்தம். கூட வேலை செய்யும் அக்கா, “அது ஓங்காரம், உனக்குக் கொடுப்பினை” என்கிறார். நம்ப ஆசை, பயமாகவும் இருக்கிறது. உட்காருவதை விட்டுவிடட்டுமா?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரி,

விட வேண்டாம். ஆனால் முதலில் காதைக் கவனிப்போம். வருடக்கணக்கில் இரைச்சலில் வேலை செய்தால் உள்காதில் இருக்கும் நுண்ணிய செல்கள் பழுதாகும். சுற்றிலும் அமைதியானதும் இப்படி ரீங்காரம் கேட்கும். அதை ஓங்காரம் என்று நினைத்துக்கொண்டால் வைத்தியம் தள்ளிப்போய்விடும். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். வேலை நேரத்தில் இயர்பிளக் வைத்துக்கொள்ளுங்கள். இதனால் உங்கள் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, அழுகைக்கு வருவோம். அம்மாவின் காரியம் முடிந்து எத்தனை நாளில் மெஷினுக்குத் திரும்பினீர்கள்? பகலில் உங்களுக்கு அழ இடமே இல்லை. அந்தப் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது. இத்தனை நாள் உள்ளே இருந்த துக்கம் இப்போதுதான் உங்கள் காதில் விழுகிறது.

சிவன் கோயிலில் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தியைப் பார்த்திருப்பீர்கள். கல்லால மரத்தடியில், சின்முத்திரை காட்டி, வாய் திறக்காமல் இருப்பார். சந்தேகத்தோடு வந்த நான்கு முனிவர்களும் அவர் காலடியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு மௌனத்தாலேயே பதில் சொன்னார் என்பார்கள். எனக்கு அந்தச் சிற்பத்தில் பிடித்தது, யாரும் எழுந்து போகாமல் இருப்பதுதான். உங்கள் அழுகையையும் விரட்டாமல் அப்படிப் பக்கத்தில் உட்கார விடுங்கள்.

இப்போதைக்கு ஐந்து நிமிடம் போதும். கண்ணை மூடாமல் சுடரைப் பாருங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். தெருச் சத்தம் லேசாக வந்தால் ரீங்காரம் கொஞ்சம் மங்கும்.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம்தான், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், விளக்கின் முன் உட்காரும்போது “அம்மா” என்று கூப்பிடத் தோன்றினால், வாய்விட்டே கூப்பிடுங்கள்.