யாசிதிகளின் மயில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈராக்கின் யாசிதிகள் என்ற சிறுபான்மை மதத்தினர் முருக பக்தர்கள் என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. மயிலை வணங்குகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள், மறுபிறவியை நம்புகிறார்கள், சாதிகூட உண்டு என்கிறது. என் நண்பரோ, அது ஜொராஸ்ட்ரிய (பார்சி) மதத்தின் மிச்சம் என்கிறார். எது சரி?

ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

அந்தச் செய்தி எனக்கும் வந்தது. முருகனை விட்டுவிடலாம். யாசிதிகளின் வெண்கல மயில் சின்னம் பார்ப்பதற்கு நம்மூர் மயில் விளக்கு மாதிரியே இருக்கும். அதைப் பார்த்து யாரோ கிளப்பிவிட்டது. அவர்களுடைய மயில் வாகனம் அல்ல. உலகத்தைக் கவனிக்கக் கடவுள் நியமித்த ஏழு வானவர்களின் தலைவர், தாவூசி மெலெக்.

நண்பர் சொல்வதில் பாதி சரி. ஏழு வானவர்கள், சூரியனைப் பார்த்துத் தொழுவது, இலையுதிர்கால விழாவில் காளைப் பலி ஆகியவை இஸ்லாமுக்கு முந்தைய ஈரானிய மரபிலிருந்து வந்தவை என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஜொராஸ்ட்ரியத்துக்கு உறவுக்கார மரபு என்று சொல்லலாம், கிளை அல்ல.

ஆனால் இந்த மதத்துக்கு இன்றைய உருவம் வரக் காரணமானவர் ஒரு முஸ்லிம் சூஃபி, ஷேக் அதி. லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் பிறந்து, பாக்தாதில் படித்து, 12-ஆம் நூற்றாண்டில் மோசூலுக்கு வடக்கே லாலிஷில் குடியேறியவர். கறாரான இஸ்லாமிய அறிஞர் இப்னு தைமிய்யாவே அவரை மதித்தார். வரம்பு மீறியதாக அவர் கண்டித்தது பின்னால் வந்த சீடர்களைத்தான். நீங்கள் கேட்ட சாதிப் பிரிவுகளும் ஷேக், பீர், முரீத் என்ற சூஃபி குரு-சீட வரிசைதான். பிரிவு விட்டுக் கல்யாணம் கூடாது என்பதில் மட்டும் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆதாமுக்குப் பணிய மறுத்த இப்லீஸ், அதாவது சாத்தான், குர்ஆனில் சபிக்கப்படுகிறான். யாசிதிகள் சொல்லும் கதையில் மறுப்பவர் தாவூசி மெலெக். என்னைத் தவிர யாரையும் வணங்காதே என்ற கடவுளின் ஆணையைக் காப்பாற்றியதற்காக அவர் உயர்த்தப்படுகிறார். இதைச் சாத்தான் வழிபாடு என்று சொல்லித்தான் நூற்றாண்டுகளாக அவர்களை வெட்டினார்கள். 2014 ஆகஸ்டில் ஈராக்கின் சிஞ்சாரில் அவர்களைக் கொன்ற ஐ.எஸ். இயக்கத்துக்கும் அதுவே சாக்கு. ஆனால் இப்லீஸை இறைவனின் அசைக்க முடியாத காதலனாகப் பார்த்தவர்கள் சூஃபிகள். 922-ல் பாக்தாதில் கொல்லப்பட்ட ஹல்லாஜ் அப்படிப் பேசியவர். இமாம் கஸ்ஸாலியின் தம்பி அஹ்மத் கஸ்ஸாலியும் அப்படியே. ஷேக் அதி படித்த பாக்தாதில் புழங்கிய பேச்சுதான் அது. யாசிதிகளான மலைக் குர்துகள் அதைத் தங்கள் பழைய வானவர் மேல் ஏற்றிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம், படிக்க விரும்பினால் 'கறுப்பு நூல்' என்ற பெயரில் கிடைப்பதிலிருந்து தொடங்காதீர்கள். 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அச்சில் வந்த அதைப் பழைய வேதமாக ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. கவ்வால்கள் என்ற யாசிதிப் பாடகர்கள் வாய்வழியாகக் காத்துவந்த கவ்ல் என்ற சமயப் பாடல்களின் மொழிபெயர்ப்பைத் தேடிப் பாருங்கள்.