பதில்: போலீஸ் ஸ்டேஷன் வழியாக எடுத்த இளைஞர் சர்வேயை நம்பலாமா?

சென்னையில் 3 வார்டுகளில் 15–24 வயதினர் 200 பேருக்கு ஸ்டேஷன் வழியாகப் படிவம் கொடுத்தீர்கள், எல்லாரும் "போலீசை நம்புகிறோம்" என்று எழுதிவிட்டார்கள் என்கிறீர்கள். அதை நம்ப முடியாது. படிவம் யார் கைக்குத் திரும்பப் போகிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

காக்கி இல்லாமல், வீடு வீடாக எடுங்கள். "நம்புகிறீர்களா" என்று கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள்: கடந்த 12 மாதத்தில் ராத்திரி வண்டியை நிறுத்தினார்களா? காரணம் சொன்னார்களா? "வாடா போடா" என்று பேசினார்களா? புகார் கொடுத்தபோது சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) கையில் கிடைத்ததா? பெண்களிடம் எந்த பஸ் ஸ்டாப்பில், எத்தனை மணிக்குப் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். பேட்டி எடுப்பவரும் பெண்ணாக இருக்கட்டும்.

200 பேர் என்றால் முடிவு முன்பின் 7% பிசகும். 5%க்குள் வர 385 வேண்டும்; தெருத் தெருவாகத் திரட்டும்போது ஒரே தெருக்காரர்களின் பதில்கள் ஒத்துப்போகக்கூடும் என்பதால் 580 வரை போங்கள்.

ஸ்டேஷனுக்கு வரும் புகார் எண்ணிக்கை கூடினால் பயந்துவிடாதீர்கள், நம்பிக்கை வந்ததாலும் கூடும்.

18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் கட்டாயம் வாங்குங்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தகவல் தந்தே ஆகவேண்டும். பேட்டி தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் கொடுங்கள்.