ஆச்சியிடம் கேளுங்கள்: நாலு பதிலில் எதை அமுக்குவது?

கணினி விளையாட்டு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பள்ளத்தூர் ஆச்சி பதில் அளிக்கிறார். பேசிப் பேசியே கதையை நகர்த்தும் ஆர்.பி.ஜி. (நாமே ஒரு கதாபாத்திரமாகி ஆடும்) விளையாட்டுகள் பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில். (கதை முடிச்சுகள் சில அவிழும். ஆடி முடிக்காதவர்கள் பார்த்துப் படியுங்கள்.)

என் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ராத்திரி கேம் ஆடுகிறேன் என்கிறான். எட்டிப் பார்த்தால் சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. திரை முழுக்க எழுத்து. வெகுநேரம் படித்துவிட்டு ஒரு வரியை அமுக்குகிறான். இதெல்லாம் விளையாட்டா, ஆச்சி?
– தேவகோட்டை வாசகி

விளையாட்டுதான். நீங்கள் சொல்கிற லட்சணத்தைப் பார்த்தால் 'டிஸ்கோ எலிசியம்' மாதிரி தெரிகிறது. 2019-இல் வந்தது, எஸ்டோனியாக்காரர்கள் எழுதியது. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறியும் போலீஸ்காரன் விடுதி அறையில் கண் விழிக்கிறான். விடுதிக்குப் பின்பக்கம் மரத்தில் ஒரு பிணம் தொங்குகிறது. அந்த வழக்கை விசாரிக்கத்தான் அவன் வந்திருக்கிறான், அதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை!

சண்டைக்கென்று தனி ஏற்பாடே கிடையாது, எல்லாம் பேச்சுதான். அவன் மண்டைக்குள் 24 குணங்கள் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கு ஒன்று சொல்லும். தர்க்கம் ஒரு பக்கம் இழுக்கும், பச்சாதாபம் இன்னொரு பக்கம், அதிகாரத் திமிர் ஒரு பக்கம். எதற்குப் புள்ளி அதிகம் கொடுத்தோமோ அதன் குரல் அதிகம் கேட்கும். அது சொல்வது சரியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. திமிருக்கு அள்ளிக் கொடுத்தால் ஊரில் ஒருவனும் நம்மை மதிக்க மாட்டான், மதிக்கிறார்கள் என்று திமிர் மட்டும் உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். திட்ட வேண்டாம். "ஏன்டா இந்த வரியை அமுக்கினே?" என்று மட்டும் கேளுங்கள். கல்லூரியில் என்ன நடக்கிறது என்று கேட்டால் கிடைக்காத பதில் எல்லாம் அதில் கிடைக்கும்.

பால்டர்ஸ் கேட் 3 ஆட ஆசை. என் லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, கையில் காசும் இல்லை. எதில் தொடங்கலாம்?
– காரைக்குடி கல்லூரி மாணவர்

அதற்கு 150 ஜி.பி. இடமும் எஸ்.எஸ்.டி.யும் கேட்பார்கள், தம்பி. இப்போதைக்கு விடுங்கள். 'அண்டர்டேல்' பழைய லேப்டாப்பிலும் ஓடும். 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' 1999-இல் வந்தது, புதுப்பித்த பதிப்பு போனில்கூட ஓடுகிறது. வாசிப்பு ஏராளம், நாவல் நாவலாகக் கொட்டிக் கிடக்கும். எதையும் முழு விலைக்கு வாங்காதீர்கள், தள்ளுபடி வரும்வரை பொறுங்கள்.

வயசான காலத்தில் ஒரு ஆச்சிக்கு இந்த கேம் கீம் எல்லாம் தேவையா?
– பெயர் வேண்டாம், புதுவயல்

காசி, ராமேஸ்வரம் எல்லாம் போய் வந்தாகிவிட்டது. நீங்கள் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து சீரியல் பார்ப்பதை நான் கேட்டேனா?

நாலு பதில் கொடுக்கிறார்கள். எதை அமுக்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகிறார்கள். நம் தேர்வுக்கு மதிப்பு இருக்கிறது என்பது வியாபாரப் பொய்தானே?
– திருப்பத்தூர் வாசகர்

பாதிப் பொய். மீதிப் பாதிதான் சுவாரசியம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. இரண்டிரண்டு வழியாகப் பத்து இடத்தில் கதை பிரிந்து, பிரிந்தது எதுவும் திரும்பச் சேராவிட்டால் கடைசியில் 1,024 கதை நிற்கும். ஒவ்வொன்றுக்கும் வசனம் எழுத வேண்டும், நடிகர்களை வைத்துக் குரல் பதிய வேண்டும். ஆடுகிறவர் பார்க்கப்போவது அதில் ஒன்றை. எந்த முதலாளி அதற்குக் காசு போடுவான்?

ஆகவே எழுதுகிறவர்கள் நம்ம ஊர் வீட்டைத்தான் கட்டுகிறார்கள். முகப்பில் நின்றால் வாசல் வாசலாகப் பின்கட்டுத் தெரு வரைக்கும் ஒரே நேர்கோட்டில் தெரியும். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி அறை அறையாக இருக்கும், எந்த அறைக்குள் போனாலும் திரும்ப வளவுக்குத்தான் வர வேண்டும். கதையும் அப்படித்தான்: பிரியும், சேரும், மறுபடி பிரியும். வளவுக்குத் திரும்பி வந்ததால் அறைக்குள் நடந்தது இல்லையென்று ஆகிவிடுமா? உள்ளே யாரோடு பேசினோம், என்ன வாக்குக் கொடுத்தோம், எதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தோம் என்பதை விளையாட்டு குறித்து வைத்துக்கொள்கிறது. பின்னால் ஒருவன் நம்மைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவதா, கதவைச் சாத்துவதா என்பதை அந்தக் குறிப்புதான் முடிவு பண்ணும்.

'மாஸ் எஃபெக்ட்' வரிசையைப் பாருங்கள். 2007-இல் முதல் பாகம், 2012-இல் மூன்றாவது. முதல் பாகத்தைச் சேமித்து வைத்த கோப்பை அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோகலாம். முதல் பாகத்தில் ரெக்ஸ் என்று ஒரு வேற்றுக்கிரக முரட்டு ஆள், நம் கூட்டாளி, ஒரு கட்டத்தில் துப்பாக்கியை நம் பக்கமே திருப்புவான். அவன் இனத்தைப் பிடித்த சாபத்துக்கு ஒரு மருந்து கிடைக்கும் போலிருக்க, அந்த ஆய்வுக்கூடத்தையே தகர்க்க நாம் கிளம்பியிருப்போம். கோபம் வராதா? அவனைப் பேசிச் சமாதானம் பண்ணலாம், பேசத் தெரியாவிட்டால் அவன் அங்கேயே செத்தும் போகலாம். ஐந்து வருஷம் கழித்து மூன்றாம் பாகத்தில் அவன் இனத்துக்குத் தலைவனாக யார் வந்து நிற்பது என்பது அந்தப் பேச்சைப் பொறுத்தது. அவன் உயிரோடு இருந்தால் அவன். இல்லாவிட்டால் அவனுடைய பங்காளி ரீவ். காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் ரெக்ஸ் இருந்தால் அந்த இனத்தை நம்பி மருந்தைக் கொடுத்துவிடலாம் என்று மனசு சொல்லும். ரீவ் வாயைத் திறந்தாலே, இவன் கையில் கொடுத்தால் நாளைக்கு ஊரையே கொளுத்துவானே என்று பயம் வரும். அங்கே தேர்வு வேலை செய்துவிட்டது.

அதே வரிசை கடைசிக் காட்சியில் சறுக்கியது. மூன்று பாகமாக நாம் பண்ணிய அத்தனையும் கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வெளிச்சமாகச் சுருங்கிவிட்டது. ரசிகர்கள் கொதித்துப்போய், கம்பெனி அதே வருஷம் ஜூனில் முடிவை நீட்டி இலவசமாகக் கொடுத்தது. கோபப்பட்டவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனாலும் கடைசிப் பந்தியில் பாயசம் சரியில்லை என்பதற்காகச் சாப்பாடே இல்லை என்று சொல்வேனா? மாட்டேன்.

நான் ஒரு விளையாட்டை எடை போடுவது முடிவுகளை எண்ணி அல்ல. பதிலை அமுக்கும் முன் கை கொஞ்சம் தயங்கினதா என்று பார்ப்பேன். 2022-இல் வந்த 'பென்டிமென்ட்' என்னை அப்படித் தயங்க வைத்தது. பதினாறாம் நூற்றாண்டு பவேரியா, மடத்தில் படம் எழுதும் ஓர் ஓவியன், ஒரு கொலை. விசாரிக்க நேரம் குறைவு. இன்றைக்கு யார் வீட்டில் சாப்பிடுவது என்று நாமே முடிவு பண்ண வேண்டும். ஒரு வீட்டில் கை நனைத்தால் இன்னொரு வீட்டுச் சேதி கிடைக்காது. கடைசியில் ஒருவரைக் கை காட்டியாக வேண்டும், அவர் தலை போகும். அவர்தான் கொன்றாரா? விளையாட்டு கடைசி வரை உறுதியாகச் சொல்லாது. சாப்பாட்டு வேளையையே விசாரணையாக்கின மூளைக்கு ஒரு மாலை போடலாம்.

விட்சர் 3-இல் மரத்துக்குள் அடைபட்ட ஆவியை விடுவிப்பதா, கொல்வதா? நான் விடுவித்தேன். பிறகு நடந்ததைப் பார்த்துத் தூக்கம் வரவில்லை.
– சிங்கப்பூர் வாசகர் (பூர்வீகம் கோனாபட்டு)

2015-இல் வந்த விளையாட்டுக்கு இன்னும் எனக்குக் கடிதம் வருகிறது என்றால் எழுதியவன் கெட்டிக்காரன்.

ஆடாதவர்களுக்கு: சதுப்பு நிலத்தில் மூன்று கிழவிகள், மனுஷ மாமிசம் தின்கிற ஜாதி. அவர்கள் காவலில் அநாதைப் பிள்ளைகள். குன்றின் மேல் மரத்துக்கடியில் ஓர் ஆவி, "என்னை விடு, பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன்" என்கிறது. ஊர்ப் பெரியவரோ அதைக் கொன்றுவிடு என்கிறார். விடுவித்தால், சொன்ன சொல் தவறாமல் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது, கூடவே ஒரு கிராமத்தை அழிக்கிறது. பிள்ளைகளைத் தப்பவிட்டதற்காகக் கிழவிகள், அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் மேல் சாபம் ஏவி அவள் சாகிறாள். குடியும் அடியுமாக அவளைப் பாடாய்ப் படுத்திய புருஷன், அந்த வட்டாரத்துப் பிரபு, தூக்கு மாட்டிக்கொள்கிறான். ஆவியைக் கொன்றால் பிள்ளைகள் போய்விடுவார்கள். அவள் சித்தம் கலங்கியாவது பிழைப்பாள், அவன் அவளை வைத்தியத்துக்கு மலைப்பக்கம் கூட்டிப்போவான்.

நானும் விடுவித்தேன். மறுபடி ஆடினாலும் விடுவிப்பேன். பிள்ளைகளைக் கிழவிகளுக்குப் பந்தி வைத்துவிட்டு, பெண்டாட்டியை அடித்தவன் திருந்துவதைப் பார்த்துக் கண் கலங்க எனக்கு முடியாது. பக்கத்து வீட்டு மருமகள் நேர் எதிர்: ஆவியை நம்பலாமா, ஒரு கிராமமே போகுதே என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் கட்சி ஆடுகிறோம். கம்பன் திருநாளில் வாலி வதைக்கு இரண்டு அணி பிரிகிற ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு, இதற்கு ஒரே பதில் கேட்காதீர்கள்.

பிடிக்காத முடிவு வந்தால் பழைய சேவ் கோப்பைத் திறந்து வேறு பதில் அமுக்கலாமா? தப்பா?
– பொன்னமராவதி வாசகர்

தப்பில்லை, சப்பு. 'அண்டர்டேல்' ஆடும்போது மட்டும் ஜாக்கிரதை. நம்மை அன்பாகப் பார்த்துக்கொண்ட ஓர் அம்மாவைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய கோப்பைத் திறந்து அவளைப் பிழைக்க வைத்தால், பிறகு ஒரு பூ வந்து நிற்கும். நீ என்ன பண்ணினாய் என்று எனக்குத் தெரியும் என்று சிரிக்கும். அண்டை அயலார் தோற்றார்கள்.

பால்டர்ஸ் கேட் 3-இல் செத்தவனோடு பேசும் மந்திரம் உண்டாமே? விக்கிரமாதித்தன் கதை மாதிரியா?
– குன்றக்குடி வாசகி

அங்கே வேதாளம் கேள்வி கேட்டது, ராஜா பதில் சொன்னான். பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். இரண்டு பக்கமும் இடி. இதைவிடக் கச்சிதமான தேர்வை இன்றைக்கு யாரும் எழுதிவிடவில்லை.

இங்கே நாம் கேட்கிறோம், பிணம் பதில் சொல்கிறது. ஐந்து கேள்விக்கு மேல் கிடையாது. கொன்றவனே போய்க் கேட்டால் பிணம் வாயைத் திறக்காது. அவன் வேஷம் மாற்றிக்கொண்டு போனால் ஏமாந்து பேசும். எழுதியவன் எவனோ, நல்ல குசும்பன்.

நம் செட்டிநாட்டுக் கதையை வைத்துத் தமிழில் இப்படி ஒன்று செய்ய முடியுமா? எனக்கு புரோகிராமிங் தெரியாது.
– கானாடுகாத்தான், பள்ளி ஆசிரியை

முடியும். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையையே கதையாக வைத்து 2023-இல் 'வெண்பா' வந்தது, அடுத்த வருஷம் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது வாங்கியது. இட்லியும் புட்டும் அங்கே வரை போனபோது நம் பெட்டகத்துக் கதை ஏன் போகாது?

'ட்வைன்' என்று இலவச மென்பொருள் இருக்கிறது. பெட்டி பெட்டியாகக் காட்சியை எழுதி, எந்தப் பதில் எந்தப் பெட்டிக்குப் போகும் என்று இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும், கோட்டை அதுவே இழுத்துக்கொள்ளும். கடைசியில் சாதாரண இணையப் பக்கமாக வரும், அதனால் தமிழ் எழுத்துக்குச் சிக்கல் இல்லை. கொஞ்சம் பழகியபின் 'இங்க்' பக்கம் போகலாம், அதுவும் இலவசம்.

கதைக்கு நான் ஒன்று தருகிறேன். 1920-களின் கடைசி. பதின்வயதுப் பையன் ஒருவன் ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிக்கு, அதாவது நம் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கட்டிடத்துக்கு, பெட்டியடிப் பையனாக (எடுபிடி வேலைக்கு) கப்பல் ஏறுகிறான். போகப் போக அடுத்தாள் (உதவியாளர்), கடைசியில் மேலாள் (கடைப் பொறுப்பாளர்) ஆவான். 1930-இல் நெல் விலை விழுகிறது. கடன் வாங்கிய பர்மா விவசாயி வந்து தவணை கேட்கிறான். கொடுத்தால் ஊரிலிருந்து முதலாளி கடிதம் போடுவார், அந்தப் பணத்தில் கோயில் பணமும் கைம்பெண்கள் போட்டு வைத்ததும் இருக்கும். கொடுக்காவிட்டால் அவன் வயல் நம் பெயருக்கு வரும். அந்தப் பத்து வருஷத்துக்குள் தென் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் அப்படித்தான் நம்மவர்கள் கைக்கு வந்தது. ஆசைப்பட்டு வாங்கியது கொஞ்சம், வேறு வழியில்லாமல் வந்தது மிச்சம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நிலத்தை இழந்தவன் வீட்டில் வேறு கதை சொல்வார்கள், அதையும் எழுதுங்கள்.

அப்புறம் 1942. ஜப்பான்காரன் வருகிறான். கணக்குப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு ஊருக்கு நடப்பதா, விட்டுவிட்டு நடப்பதா? வழியில் ஒரு கிராமத்தில் நம் பையன் தண்ணீர் கேட்கிறான். கதவைத் திறப்பது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தவணை கேட்டு வந்தவன். அன்றைக்கு என்ன பதில் அமுக்கினோமோ, இன்றைக்குத் தண்ணீர் அதைப் பொறுத்தது.

முழுக் கதையையும் ஒரே மூச்சில் எழுத உட்காராதீர்கள். தவணை கேட்கும் காட்சியை மட்டும் எழுதுங்கள், பையனுக்கு மூன்று பதில் வையுங்கள். எது நல்லவன் பதில் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். கொச்சைத் தமிழிலேயே பேசட்டும், மேடைத் தமிழ் வேண்டாம். எழுதி முடித்ததும் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். பத்துப் பக்கத்தைத் தாண்டினால் படிக்க மாட்டேன்.