ஜெராக்ஸ் நகல் எத்தனை வருஷம் தாங்கும்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கோயில் கணக்கு, சங்கத் தீர்மானம், வீட்டுப் பத்திரம் என்று நகல் எடுத்து வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பழைய ஆவணங்களைப் பராமரிப்பதே என் வேலை என்பதால், பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: ஜெராக்ஸ் எழுத்து பத்து வருஷத்தில் அழிந்துவிடும் என்கிறார்கள், நிஜமா சார்?

கறுப்பு ஜெராக்ஸ் அப்படி அழியாது. டோனர் என்பது கரித்தூளும் பிளாஸ்டிக் பொடியும் சேர்ந்தது, மெஷின் அதைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டிவிடுகிறது. கரி வெளிச்சத்தில் வெளுக்காது. நீங்கள் கேள்விப்பட்டது சுருள் தாளில் வந்த பழைய ஃபேக்ஸாக இருக்கும். அதில் மையே கிடையாது, சூடு பட்டால் கறுக்கிற ரசாயனப் பூச்சுதான். ஏடிஎம் சீட்டும் அதே ரகம். அப்படி ஏதாவது முக்கியமானது கையில் இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பத்திர நகலைப் பிளாஸ்டிக் ஃபோல்டரில் வைத்திருந்தோம். எடுத்தால் எழுத்து ஃபோல்டரோடு வந்துவிட்டது!

என்னிடம் அதிகம் வருவது இந்தப் புகார்தான், கேட்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும். ஒரு சங்கத்தின் தீர்மான நகல்கள் இப்படித்தான் வந்தன. தாள் பாதி வெள்ளை, உறையின் உள்பக்கத்தில் கையெழுத்து முதற்கொண்டு அப்படியே இடவலம் மாறி ஒட்டியிருந்தது. காரணம், உறை செய்த பிவிசி என்கிற பிளாஸ்டிக். அது வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கிற எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து டோனரில் இருக்கும் பிளாஸ்டிக்கை இளக வைக்கிறது, மேலே நாலு ஃபைல் கனம் வேறு. நம் ஊர் வெயிலில் பீரோவுக்குள் இது இன்னும் வேகமாக நடக்கும். ஒட்டியதை வெடுக்கென்று இழுக்காதீர்கள், அந்த உறையைத் தூக்கியும் போடாதீர்கள். வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து நேராகத் தெரியும், பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். இனிமேல் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், இல்லாவிட்டால் நல்ல தாள் உறையே போதும். பிரித்ததும் குப்பென்று பிளாஸ்டிக் வாடை அடிக்கிற உறை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எந்தத் தாளில் எடுப்பது?

எழுத்து நின்றாலும் தாள் நொறுங்கினால் என்ன பயன்? அமிலம் உள்ள தாள் பழுத்து, மடிப்பில் ஒடியும். செய்தித்தாள் கத்தரிப்புகளில் பார்த்திருப்பீர்கள். ஐஎஸ்ஓ 9706 (நாள்பட நிற்கும் தாளுக்கான சர்வதேசத் தரம்) என்று போட்ட தாள் கிடைத்தால் அதுதான் சரி; அந்தத் தரத்துக்குக் காரத்தன்மை வேண்டும், சுண்ணாம்புச் சத்து குறைந்தது 2 சதவீதமாவது இருக்க வேண்டும். நாள்பட வரும் அமிலத்தை அந்தச் சுண்ணாம்பு முறித்துவிடும். அப்புறம், பழுத்த கத்தரிப்பையும் நல்ல நகலையும் ஒரே உறையில் வைக்காதீர்கள், அமிலம் பக்கத்துத் தாளுக்கும் ஏறும்.

கேள்வி: கடையில் எடுத்த நகல் உறுதியா என்று எப்படித் தெரியும் அண்ணா?

அதே மெஷினில் வேண்டாத தாள் ஒன்று எடுத்து, அடர்த்தியான எழுத்தின் மேல் செலோடேப் ஒட்டி மெதுவாக உரியுங்கள். எழுத்து டேப்போடு வந்தால் சூடு பற்றவில்லை என்று அர்த்தம், வேறு கடைக்குப் போங்கள். விரலால் தேய்த்தால் கரி ஒட்டுகிற நகலும் இதே கேஸ்தான். மூலத்தில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: லேமினேஷன்?

வேண்டாம். ஒட்டினால் பிரிக்க முடியாது. மூலப் பத்திரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கலர் நகல், இன்க்ஜெட் பிரிண்ட்?

பார்க்க அழகு. ஆனால் சாதாரண இன்க்ஜெட் மை ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்து ஓடும், வெளிச்சத்திலும் மங்கும். காப்புக்குக் கறுப்பு டோனரே எடுங்கள். முத்திரை நிறம் முக்கியம் என்றால் கூடவே கலரில் ஒன்று.

கேள்வி: ஸ்கேன் செய்துவிட்டோம், தாளைப் போட்டுவிடலாமா?

கூடாதுங்க. ஹார்டு டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். தாளில் இருக்கும் குண்டூசி, ரப்பர் பேண்டை எடுத்துவிட்டு, தரையில் இல்லாமல், வெளிச்சுவரில் ஒட்டாமல் உள்ளே ஒரு அலமாரியில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள், கரையான் அந்த நேரத்தில்தான் ஏறியிருக்கும்.