சோறு எப்படிச் சுகராகிறது? கேள்வி பதில்

கேள்வி: ஆறு வருடமாக டைப் 2 சர்க்கரை நோய். மாவுச்சத்து எங்களுக்குச் சரியாகச் செரிக்காததால்தான் சுகர் ஏறுகிறதா?

பதில்: நேர்மாறு. செரிமானம் ஒழுங்காகவே நடக்கிறது. உமிழ்நீர் பட்டதுமே மாவுச்சத்து உடையத் தொடங்கும். இரைப்பை அமிலம் அந்த வேலையை நிறுத்திவைக்கும். சிறுகுடலில் கணைய நீரும் குடல்சுவரின் நொதிகளும் மிச்சத்தை முடித்து, குளுக்கோஸாக ரத்தத்தில் சேர்த்துவிடும். அதுவரை உங்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தகராறு அப்புறம்தான். இன்சுலின் போதாமலோ, இருந்தும் தசையும் கல்லீரலும் அதன் சொல்லைக் கேட்காமலோ குளுக்கோஸ் ரத்தத்திலேயே தேங்குகிறது.

கேள்வி: அரிசியை விட்டுவிட்டு இரண்டு வேளையும் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறேன். சாப்பிட்ட பின் பார்க்கும் சுகர் குறையவே இல்லையே?

பதில்: உணவு ஆலோசகராக நான் அதிகம் கேட்கும் புலம்பல் இது. 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால், கேழ்வரகில் ஏறக்குறைய 70. நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் நைசாக அரைத்து, கரைத்து, கொதிக்கவும் வைத்துவிட்டால் குடலின் வேலையில் பாதியை மாவு மில்லும் அடுப்புமே முடித்துவிடுகின்றன. மளமளவென்று சுகர் ஏறும். அதே மாவில் முருங்கைக்கீரை போட்டு ஒரு அடை தட்டி, சுண்டலோடு மென்று சாப்பிட்டுப் பாருங்கள். மெல்ல வேண்டிய உணவு மெதுவாகத்தான் கரையும்.

கேள்வி: இரவில் சப்பாத்தி?

பதில்: இரண்டு என்றால் சரி. ஐந்து என்றால் சோறே தேவலாம்.

கேள்வி: பழைய சோறு சுகரை ஏற்றாது என்கிறார்களே?

பதில்: சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, எளிதில் உடையாத வடிவம் எடுக்கிறது. அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு உணவாகிவிடும். ஆனால் ஒரு பங்குதான். மீதி வழக்கம்போல ஏற்றும். அளவாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: இரவு ஒன்றும் சாப்பிடாமல் படுத்தேன். காலையில் 160. எங்கிருந்து வந்தது?

பதில்: உங்கள் கல்லீரலிலிருந்து. சேமித்த குளுக்கோஸை அது இரவு முழுக்க விடும், புதிதாகவும் தயாரிக்கும். அடக்க வேண்டிய இன்சுலின் உங்களிடம் வலுவாக இல்லை.

கேள்வி: வோக்லிபோஸ் மாத்திரை போட்டால் வயிறு உப்புகிறது, காற்று பிரிகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடலாமா?

பதில்: போட்டும் பயனில்லை. குடல்சுவரின் நொதிகளைத் தடுத்து, மாவுச்சத்து உடைவதைத் தாமதிப்பதுதான் அதன் வேலை. சாப்பாடு இறங்கிய பின் வாசலைச் சாத்தி என்ன பலன்? உடையாத மிச்சம் பெருங்குடலில் புளிப்பதால்தான் காற்று. நாளடைவில் பலருக்குக் குறையும். தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார். இன்னொன்று: இதோடு இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் என்றால் லோ சுகர் வரலாம். அப்போது வீட்டுச் சர்க்கரையோ மிட்டாயோ சட்டென்று கைகொடுக்காது, அதையும் உடைக்கவிடாமல் இந்த மாத்திரை தடுக்கும். பையில் குளுக்கோஸ் பவுடர் வைத்துக்கொள்ளுங்கள்.