கல்யாணத்துக்கு முன் மூக்கில் ஊசி போடலாமா?

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டை. மகளுக்கு 24 வயது, தையில் கல்யாணம். அவளுக்கு அப்பத்தா மூக்கு, கொஞ்சம் சப்பை. கத்தியே வேண்டாம், அரை மணி நேரத்தில் ஊசி போட்டு மூக்கை எடுப்பாக்கிவிடலாம் என்று ரீல்ஸ் பார்த்துவிட்டு நிற்கிறாள். காரைக்குடியில் ஒரு பார்லரில் மணப்பெண் பேக்கேஜோடு சேர்த்துப் போடுகிறார்களாம். சம்மதிக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் ஆச்சி. பார்லரில் கண்டிப்பாக வேண்டாம்.

இதை ஃபில்லர் என்பார்கள். பெரும்பாலும் ஹயலூரானிக் அமில ஜெல். முகத்தில் இந்த ஊசிக்கு மிக ஆபத்தான இடங்களில் மூக்கும் ஒன்று. மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்தவை. ஊசி முனை தவறிக் குழாய்க்குள் இறங்கினால், ஜெல் பின்னோக்கிப் போய் விழித்திரைக்கு ரத்தம் வராமல் அடைத்துவிடும். ரத்தமில்லாமல் விழித்திரை ஒன்றரை மணி நேரம் தாங்குவதே பெரிது. காரைக்குடியிலிருந்து மதுரை போய்ச் சேரவே அந்த நேரம் ஆகிவிடும். இது அபூர்வம்தான், ஆனால் அப்படிப் போன பார்வை திரும்புவது அதைவிட அபூர்வம். மூக்குத் தோல் கறுத்து அழுகுவதும் உண்டு.

ஜெல்லைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் மருந்தைக் கையில் வைத்திருக்கும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோதான் இதைத் தொட வேண்டும். யூடியூபில் பார்த்துப் பழகிய பழக்கத்தில் அழகு சிகிச்சை தொடங்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் டாக்டர்களுக்கே சொல்லியிருக்கிறது.

சரி, அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகும். தைக்குள் நடக்காது.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ஒரு அடி தூரத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். ஐந்தடி தள்ளி நின்று யாரையாவது எடுக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

என்னை உறுத்துவது வேறு. 'ஏன் வேண்டும்?' என்று அந்தப் பார்லரில் யாரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள். மருத்துவர் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். மாப்பிள்ளை வீட்டில் யாராவது மூக்கைப் பற்றி ஏதும் சொன்னார்களா? தனியாக, பதமாகக் கேளுங்கள். மணிக்கணக்கில் கண்ணாடி முன் நின்று, வெளியே வரவே கூச்சப்படுகிறாள் என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மற்றபடி வயது வந்த பெண். கல்யாணமெல்லாம் முடிந்து, அப்புறமும் அவளுக்கே வேண்டும் என்று தோன்றினால், முறையாகப் படித்த டாக்டரிடம் நிதானமாகப் பேசட்டும்.

ஒருவேளை உங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள். கடுமையான வலி, தோல் வெளுப்பது, திட்டுத் திட்டாக நீலம் பாய்வது, பார்வை மங்குவது, இதில் எது வந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். என்ன ஊசி போட்டார்கள் என்பதை வழியிலேயே போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.